கொசுப்புழுவுக்கு மின்துடிப்பா, பிடிஐ மருந்தா?

தேங்கிய நீரில் நெளியும் கொசுப்புழுவை ஒழிக்க மின்துடிப்புக் கருவி வாங்கலாமா, பிடிஐ (Bti) எனும் பாக்டீரியா மருந்தே போதுமா என்று குழம்புகிறவர்களுக்காக இது.

கொல்லும் விதம்
மின்துடிப்பு: நீரில் மைக்ரோ விநாடிக் கணக்கில் பாய்ச்சும் உயர் மின்னழுத்தம் புழுவின் செல் சவ்வில் துளை போடுகிறது.
பிடிஐ: 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது. புழு இதைத் தின்ன வேண்டும், அப்புறம் அதன் காரத்தன்மையுள்ள குடலில் நச்சுப் புரதம் கரைந்து குடல் சுவரையே சிதைத்துவிடும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் அதனிடம் இது பலிக்காது.

செலவு, சிரமம்
மின்துடிப்பு: மின்சாரத்தைச் சேமிக்கும் மின்தேக்கி, மின்முனை, மின்காப்பு எல்லாம் வேண்டும். நீரில் உப்பு கூடினால் மின்னோட்டம் எகிறும், மின்முனைகளை விலக்கி வைத்தால் மின்புலம் வலுவிழக்கும், ஆகவே பரந்த குட்டைக்கு இது சரிப்படாது.
பிடிஐ: தூவினால் வேலை முடிந்தது.

நீடிப்பு
மின்துடிப்பு: எச்சமே இல்லை. அணைத்த கையோடு கொசு மறுபடி முட்டையிடலாம்.
பிடிஐ: சில நாள் முதல் சில வாரம் வரை. அழுக்கு நீரிலும் கடும் வெயிலிலும் சீக்கிரம் வலுவிழக்கும்.

ஆபத்து
பிடிஐ மனிதருக்கும் மீனுக்கும் தீங்கற்றது. மின்துடிப்புக் கருவியை வீட்டில் நீங்களே செய்து பார்க்காதீர்கள், தயவுசெய்து! அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் உயிரே போகலாம்.

வீட்டுத் தொட்டி, வடிகால், குட்டைக்கு பிடிஐ. குறுகிய குழாய் வழியே நீரைச் செலுத்தும் அமைப்பும் தேர்ந்த பொறியாளரும் இருக்கும் இடத்தில் மட்டும் மின்துடிப்பை யோசிக்கலாம்.