நையாண்டி மேளமா, மெல்லிசைக் கச்சேரியா?

கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிக்கும்போதே எங்கள் நெல்லைப் பக்கத்து ஊர்களில் இந்தச் சண்டை தொடங்கிவிடும். இளவட்டங்களுக்கு மெல்லிசைதான்: கீபோர்டு, ரிதம் பேடு, ஆளுயர ஸ்பீக்கர். கேட்ட பாட்டு அப்படியே வரும். ஆனால் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும்வரை மேடை ஊமை.

நையாண்டி மேளத்துக்கு மேடையே வேண்டாம். 2 நாகஸ்வரம், 2 தவில், பம்பை, கிடிகிட்டி என்ற தோல் கருவிகள், தாளம். நம் நடுவிலேயே நின்று வாசிப்பார்கள். கரகம் ஆடுபவரின் கால் வேகத்தைப் பார்த்துத் தவில்காரர் அடியைக் கூட்டுவார், பம்பை எதிரடி கொடுக்கும், நெஞ்சுக்கூடு அதிரும். ஒத்திகை பார்த்து வந்த பாட்டில் இந்தப் பேச்சு கிடையாது. நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையில் சாமி வருவதும் மேளத்துக்குத்தான். கீபோர்டுக்கு எந்தச் சாமியும் ஆடி நான் பார்த்ததில்லை. என் வரிப்பணம் மேளத்துக்கே. மெல்லிசையை மறுநாள் வச்சுக்கிடுங்க வே!