மட்டன் தெரு போஸ்டர் கடைகள்: லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள்

பழைய இந்திப் பட போஸ்டர் தேடுபவர்களுக்கு மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் உள்ள மட்டன் தெரு இன்னும் நல்ல வேட்டைக்களம்தான். சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் அசலும் மறுஅச்சும் ஒரே கட்டுக்குள் கிடக்கும். பிரித்தெடுப்பது வாங்குபவர் பாடு.

முதலில் அளவு. வழக்கமான போஸ்டர் ஏறத்தாழ 30க்கு 40 அங்குலம். பல அங்குலம் குறைந்தால் சந்தேகப்படுங்கள், ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். அடுத்து மடிப்பு. அந்தக் காலத்தில் மடித்தே அனுப்பினார்கள் என்பதால் மடிப்புக்கோடு குறையல்ல, சாட்சி. விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியும் கோடு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால், அது கோட்டோடு சேர்த்து ஸ்கேன் செய்து அச்சடித்த நகல். பத்து மடங்கு லென்ஸில் எழுத்துகளையும் பாருங்கள்: அசல் ஆஃப்செட் அச்சில் பெரும்பாலும் விளிம்பு கூர்மையாக, மை ஒரே சீராக இருக்கும், நகலில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். தாள் வழவழவென்று வெள்ளை வெளேரென இருந்தால் சொல்லவே வேண்டாம், நகல்தான்.

பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியதைத் தவிர்க்கலாம். பசை மஞ்சளாகி முன்பக்கம் வரை ஊறும், எடுத்தால் தாளும் சேர்ந்து வரும். லாமினேஷன் செய்த அசல், பாவம், மீளாது.

விலை? பேரம்தான். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று பழைய பொருள் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தெருவைச் சந்தை பிடித்துக்கொள்ளும். சுருட்டித் தருவதை வைக்க மூன்று அங்குலத்துக்குக் குறையாத அகலக் குழாய் கொண்டுபோங்கள். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது.