பாடத்தை முடித்துவிட்டா, பட்டனில் தொடங்கியா?

வலைப்பக்கங்களை இயங்க வைக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கற்க இரண்டு வழிகள். மாறி (மதிப்பைச் சேமிக்கும் பெயர்), லூப் (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது), ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு), அர்ரே (மதிப்புகளின் பட்டியல்) என்று பாடங்களை வரிசையாக முடித்துவிட்டு அப்புறம் வலைப்பக்கத்தைத் தொடுவது ஒன்று. முதல் நாளே ஒரு பட்டனை வைத்து அதை இயங்க வைப்பது மற்றொன்று.

பாட வழியில் அடிப்படை எதுவும் விடுபடாது. ஆனால் கன்சோலில் (நிரலின் விடை எழுத்தாக வரும் பகுதியில்) எண்களை அச்சிட்டே வாரக்கணக்கில் ஓடினால் ஆர்வம் வடிந்துவிடும்.

செய்து கற்பதில் பிழைதான் ஆசிரியர். இரண்டு பெட்டிகளில் 5, 3 என்று தட்டி, கூட்டச் சொல்லிப் பாருங்கள். 53 என்று வரும்! பெட்டி தருவது எண் அல்ல, எழுத்துச்சரம், அதாவது எழுத்துகளின் வரிசை; அதனால் கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவிடுகிறது. அதை எண்ணாக மாற்றினால்தான் 8 கிடைக்கும். தரவு வகைகளைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் இந்த 53 போல மனதில் பதியாது.

கவுன்ட்டவுன் டைமர் இன்னும் நல்ல பயிற்சி. தொடங்கும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் நொடிகள் இரட்டை வேகத்தில் குறையும், ஏனென்றால் இரண்டு செட்இன்டர்வல்கள் (குறித்த இடைவெளியில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) ஒரே நேரத்தில் ஓடுகின்றன. செட்இன்டர்வல் திருப்பித் தரும் அடையாள எண்ணைச் சேமித்து, அதை நிறுத்தும் கட்டளையான கிளியர்இன்டர்வலால் பழையதை நிறுத்த வேண்டும். அந்த எண்ணை வைக்கும் மாறியை ஃபங்ஷனுக்கு வெளியே ஏன் அறிவிக்கிறோம் என்பதும் அங்கேயே விளங்கிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு: யாரோ எழுதிய நிரலை அப்படியே ஒட்டி, ஓடுகிறதே என்று நகர்ந்துவிடுவது. அப்படிச் செய்தால் கற்றதாகாது.

சரி, நான் எதைச் சொல்வேன்? தயங்காமல் இரண்டாவதைத்தான். பிராமிஸ் (பின்னால் வரப்போகும் விடையைக் கையாளும் முறை) போன்ற பகுதிக்கு வரும்போது மட்டும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, பாடத்தை நிதானமாகப் படியுங்கள்.