பட்டமளிப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு சென்னை செல்ல: இரவு ரயிலா, வாடகை வேனா?

சென்ற புரட்டாசியில் என் தமக்கை மகன் சென்னையில் பட்டம் வாங்கினான். அந்த விழாவுக்காக வலங்கைமானுக்கு அருகில் உள்ள எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பேர் வாடகை வேனில் போய்வந்தோம். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவனுடைய அக்காள் அதே நகரத்தில் பட்டம் வாங்கியபோது, எட்டுப் பேர் கும்பகோணத்தில் இரவு ரயில் ஏறிப் போயிருந்தோம். இரண்டு முறையும் பயண ஏற்பாடு தாய்மாமனாகிய என் தலையில்தான் விழுந்தது. ஆகையால் இரண்டில் எது மேல் என்று இப்போது அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், ஓரளவு அனுபவத்தோடு சொல்ல முடிகிறது. நான் வேன் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

விழாவுக்கே போகாமல் சான்றிதழைத் தபாலில் வரவழைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. செலவு மிகக் குறைவு. பட்டத்தின் மதிப்பும் குறைவதில்லை. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளை அங்கியோடு நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் முடிவு செய்துவிட்ட பிறகு அந்த வழியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

செலவுக் கணக்கில் ரயிலே வெல்லும். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் ஆளுக்கு இருநூறு ரூபாய்ச் சொச்சம் ஆகிறது; ஒன்பது பேர் போய்வர நான்காயிரம் அளவில் அடங்கிவிடும். இறங்கிய பிறகு ஒன்பது பேருக்கு மூன்று ஆட்டோ வேண்டும் என்பதையும், குளித்து உடை மாற்ற அரை நாளைக்கு ஓர் அறை எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தாலும், எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. வேனுக்கோ, நகருக்குள் சுற்றியதையும் சேர்த்து 650 கிலோமீட்டர் ஓடியது; கிலோமீட்டருக்கு 22 ரூபாய் வீதம் 14,300 ரூபாய், டிரைவர் பேட்டா இரண்டு நாளைக்கு 1,600 ரூபாய், சுங்கமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் 1,100 ரூபாய் என்று மொத்தம் 17,000 ரூபாய் ஆயிற்று. ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நேரக் கணக்கிலும் ரயிலுக்கே ஒரு சாதகம் உண்டு. தமக்கையின் கணவரான அத்தானுக்கு ஒரு வேலிக்கு, அதாவது ஆறரை ஏக்கர்ச் சொச்சத்துக்கு, சற்றுக் குறைவான நிலம். புரட்டாசி என்றால் சம்பா நடவு நேரம். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை வயல் காய வேண்டியதுதான். இரவில் ஏறினால் விடிவதற்குள் தாம்பரம் வந்துவிடும், மறுநாள் இரவு ஏறினால் அதற்கடுத்த காலை வயலில் நிற்கலாம் என்பதால், ரயிலில் அவருக்கு ஒரு பகல் மட்டுமே போகும். வேனில் போனபோது முந்தைய நாள் முற்பகலிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. பக்கத்து வயல்காரரிடம் மடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அரைமனதோடுதான் அவர் வண்டியில் ஏறினார்.

ஆனால் ரயிலில் இடம் கிடைத்தால்தானே இந்தச் சாதகங்கள் எல்லாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாட்களாக இருந்தது. பல்கலைக்கழக வேந்தர் வரும் நாளைப் பொறுத்து விழா நாள் முடிவாவதால், எங்கள் இரண்டு விழாக்களுக்கும் மூன்று வாரத்துக்கு முன்புதான் தேதி தெரிந்தது. அதற்குள் உழவன், மன்னை போன்ற இரவு ரயில்களில் காத்திருப்புப் பட்டியல் நீண்டுவிடுகிறது; தீபாவளியை ஒட்டிய நாட்கள் என்றால் சொல்லவே வேண்டாம். தட்கலில் எடுக்கலாம் என்றால், படுக்கை வசதிப் பெட்டிக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குத்தான் அது திறக்கிறது. எட்டுப் பேரின் பயணத்தை அந்தச் சில நிமிடங்களில் அடகு வைக்க எனக்குத் துணிவில்லை. முதல் முறை எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேருக்கு ஒரு படுக்கையை இருவர் பகிர்ந்து உட்காரும் ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது, நானும் அத்தானின் தம்பியும் ஒரே இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தே போனோம். ரயிலையே தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒரு பயணச்சீட்டில் ஓரிருவர் மட்டும் பயணம் செய்யும்போதுதான் அது பொருந்தும். ஆகவே பாட்டிக்குத் தனிச் சீட்டாக எடுப்பது நல்லது. இது தெரியாமல் எல்லோரையும் ஒன்றாகப் பதிவு செய்து, எழுபது வயதான என் தாயாருக்கு நடுப்படுக்கை வாங்கிக் கொடுத்தவன் நான்.

இவையெல்லாம் இருந்தும், என் முடிவைத் தீர்மானித்தது பயணம் அல்ல. போய்ச் சேர்ந்த பிறகு உள்ளே நுழைய முடியாதவர்கள் எங்கே இருப்பார்கள் என்ற ஒரே கேள்விதான். ஊரிலிருந்து கிளம்பும் எந்தக் குடும்பமும் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை, முதல் முறை நாங்களும் யோசிக்கவில்லை. பட்டம் பெறுபவர் ஒருவருக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகள் கொடுத்தார்கள். அவை தாய் தகப்பனுக்கே சரியாகப் போயின. காலை எட்டரை மணிக்குள் உள்ளே உட்கார வேண்டும், வேந்தர் வந்த பிறகு கதவு திறக்காது, அவர் ஊர்வலமாக வெளியேறும்வரை ஒருவரும் எழக்கூடாது என்பது விதி. எட்டுப் பேரில் ஆறு பேர், என் தாயார் உட்பட, மதிலுக்கு வெளியே நடைபாதையில் ஒரு வேப்ப மரத்தடியில் பைகளைக் காத்துக்கொண்டு, எட்டரை முதல் ஒன்றரை வரை ஐந்து மணி நேரம் நின்றும் உட்கார்ந்தும் கழித்தோம். அறையை எட்டு மணிக்கே காலி செய்துவிட்டதால் திரும்பிப் போக இடமில்லை. எங்களைப் போலவே கடலூர், தர்மபுரி, திண்டுக்கல் என்று பல பக்கத்துக் குடும்பங்களும் அந்த நடைபாதை முழுவதும் பட்டுப் புடவையும் சாப்பாட்டுக் கூடையுமாக உட்கார்ந்திருந்தன.

அன்று நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா விடியற்காலையில் இருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்தில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் யாரையாவது துணைக்குக் கூப்பிட வேண்டும், தன்னால் பிள்ளைகளுக்குத் தொல்லை வேண்டாம் என்று அவரே மனதுக்குள் ஏற்பாடு செய்துகொண்டு வந்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. ஒரு மணி வாக்கில் தலைசுற்றி என் மனைவியின் தோளில் சாய்ந்த பிறகுதான் கேட்டோம், சொன்னார். இளநீர் வாங்கிக் கொடுத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த கட்டணக் கழிப்பறைக்கு ஆட்டோவில் அழைத்துப்போய்த் திரும்புவதற்குள் விழா முடிந்து, பேத்தி அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அங்கியை அன்றே ஒப்படைத்தால்தான் முன்பணம் கிடைக்கும். அதற்கான மேசையை விழா முடிந்த சிறிது நேரத்தில் மூடிவிடுவார்கள். எனவே அம்மாச்சியோடு எடுக்க நினைத்த படம் எடுக்கப்படவே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள படத்தில் பெண், தாய், தகப்பன் மூவர் மட்டுமே இருக்கிறார்கள்.

வேன் எடுத்தபோது வித்தியாசம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருந்தது. விழா மண்டபத்திலிருந்து அரை கிலோமீட்டரில் கட்டண வண்டி நிறுத்தம் ஒன்றை டிரைவர் பிடித்துவிட்டார். அங்கே நின்ற வண்டி எங்களுக்கு ஒரு வீடு போலவே ஆயிற்று. பின்னிருக்கையைச் சாய்த்து அம்மா இரண்டு மணி நேரம் தூங்கினார். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பெண்கள் உடை மாற்றினார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் வெயில் படாமல் இருந்தன. கழிப்பறைக்கு வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு பெட்ரோல் பங்க் வரை போய் வரலாம். அப்படி மூன்று முறை போனோம், அம்மாவும் தயங்காமல் தண்ணீர் குடித்தார். விழா முடிந்ததாகத் தமக்கையிடமிருந்து போன் வந்த கால் மணி நேரத்தில், கசங்காத புடவையில், அங்கியைத் திருப்பிக் கொடுக்காமல் காத்திருந்த பேரனுக்கு அருகில் அம்மா நின்றார். இருபது பேர் உட்காரும் பெரிய வேன் வேண்டியதில்லை. பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலர் ஒன்பது பேருக்குப் போதும். ஆனால் இருக்கை சாயுமா, சன்னலுக்குத் திரை உண்டா என்று முன்கூட்டியே நேரில் பார்த்துவிட வேண்டும். வண்டிக்காரர் போனில் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்.

வேனில் உள்ள ஆபத்தையும் மறைக்க விரும்பவில்லை. பலரும் செய்வது போல இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடியற்காலையில் சேர்ந்து, விழா முடிந்ததும் அதே டிரைவரை அன்று மாலையே திரும்ப ஓட்ட வைத்தால், தூங்காத ஒரு மனிதரின் கையில் மொத்தக் குடும்பத்தையும் கொடுக்கிறோம். அணைக்கரை, மீன்சுருட்டி, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி என்று விக்கிரவாண்டி வரை போகும் அந்தச் சாலையில் நான்குவழிப் பணி பல ஆண்டுகள் இழுத்தது. இரவில் வழிமாற்றங்களில் தடுமாறிய வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆகையால்தான் நாங்கள் முந்தைய நாள் பகலிலேயே கிளம்பி, மறைமலை நகரில் உறவினர் வீட்டில் இரவு தங்கினோம். டிரைவருக்கும் அங்கேயே படுக்கை போட்டுக் கொடுத்தோம். அப்படி ஓர் உறவினர் இல்லாதவர்கள் இரண்டு அறைக்கான வாடகையையும் என் 17,000 ரூபாயோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். விழா நாட்களில் சென்னையில் அறை வாடகை எப்படி இருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் போதாது. அரை நாள் அறை எடுத்தது மட்டுமே பழக்கம்.

இன்னொன்று, மஞ்சள் போர்டு வண்டியாக மட்டுமே எடுக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டு வெள்ளை போர்டு வண்டி கிலோமீட்டருக்கு நான்கைந்து ரூபாய் குறைவாகக் கிடைக்கும். ஆனால் சொந்த உபயோகத்துக்கான காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்து என்று வந்தால் அந்த நான்கைந்து ரூபாய் எந்த மூலைக்கும் காணாது.

பட்டம் வாங்கும் பிள்ளையை மட்டும் வேனில் ஏற்றாமல் இருப்பது நல்லது என்பது என் அனுபவம். ஒத்திகை, அங்கி வாங்குதல், கையொப்பம் என்று அவர்களுக்கு முந்தைய நாளே வேலை இருக்கிறது; வழியில் டயர் வெடித்தால் மற்றவர்கள் தாமதமாகப் போகலாம், அவர்கள் போக முடியாது. எங்கள் பையன் இரண்டு நாள் முன்பே ரயிலில் போய் நண்பன் அறையில் தங்கிக்கொண்டான். ஒருவருக்கு மட்டும் என்பதால் அவனுக்குப் படுக்கையும் சிரமமில்லாமல் கிடைத்தது.

நான்கு பேருக்குள் போகிறவர்களுக்கு என் சாய்வு செல்லுபடியாகாது. இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே, அவர்களும் நடக்கத் தெம்புள்ளவர்கள் என்றால், ஒரு வேனுக்கு 17,000 ரூபாய் கொடுப்பது வீண். இரவு ரயிலில் போய், அறையைக் காலி செய்யாமல் மாலை வரை வைத்துக்கொண்டாலே போதும். உண்மையில் முதல் முறை நாங்கள் அந்த அறையை இன்னும் அரை நாள் நீட்டித்திருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும், அதற்கு ஆயிரத்துச் சொச்சம் கூடுதலாகியிருக்கும். மீதிப் பாதிக்கு, அறைக்கும் மண்டபத்துக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதே பதில் சொல்லும். திருச்சி, தஞ்சாவூர், சிதம்பரம் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறுபவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் தூரத்துக்கு நான் குடும்பத்தை அழைத்துப் போனதில்லை, ஆனால் வெளியே காத்திருக்கும் ஐந்து மணி நேரம் அங்கேயும் அவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அத்தானின் தம்பி மகளுக்கு அடுத்த ஆண்டு விழா இருக்கிறது. தேதி தெரியாது, ஆனாலும் அதே வேன்காரரிடம் மாதத்தை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். தேதி மாறினால் ஒரு போன் செய்தால் போதும், முன்பணம் ஐந்நூறு கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அம்மா இப்போதே கேட்டுவிட்டார், பின்னிருக்கை தனக்குத்தானே என்று.