முற்போக்கு வேட்பாளர் எந்தச் சின்னத்தில் நிற்க வேண்டும்?

சாதி ஒழிப்பு, தொழிலாளர் உரிமை, நில உரிமை என்று பல வருடம் தெருவில் நின்று போராடிய ஒருவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட முடிவெடுத்தால், தமிழ்நாட்டில் அவருக்கு மூன்று வழிகள்தான் இருக்கின்றன. இரண்டு பெரிய கட்சிகளையும் ஒதுக்கிவிட்டுத் தனியாகவோ மூன்றாவது அணியிலோ நிற்கலாம். பெரிய கட்சியின் கூட்டணியில் சேர்ந்து, தன் சொந்தச் சின்னத்தில் நிற்கலாம். அதே கூட்டணியில் பெரிய கட்சியின் சின்னத்தையே வாங்கிக்கொண்டும் நிற்கலாம்.

எங்கள் மாவட்டத்தில் சில சிறு அமைப்புகள் சேர்ந்து, நம்மில் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பேசத் தொடங்கியபோது இந்த மூன்றைப் பற்றித்தான் விடிய விடிய வாதம் நடந்தது. நான் இரண்டாவது வழிக்குக் கை தூக்கினேன். கூட்டணி சரி, ஆனால் சின்னம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது என் நிலை. அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். வென்றவர்கள் சபைக்குள் என்ன செய்தார்கள் என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும் என்பதால், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தைப் பொறுத்தவரை 2021 தேர்தலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தனியாக நிற்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு தொகுதியில் ஏறக்குறைய முந்நூறு வாக்குச்சாவடிகள். காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொன்றிலும் உட்கார ஒரு முகவர் வேண்டும், வெளியே மேசை போட ஆள் வேண்டும், வாக்கு எண்ணிக்கைக்கு ஆள் வேண்டும். நல்ல பெயர் மட்டும் உள்ளவரால் இதைத் திரட்ட முடியாது. 2016-இல் மூன்றாவது அணியாக நின்ற மக்கள் நலக் கூட்டணி 234 தொகுதிகளில் ஒன்றில்கூட வெல்லவில்லை. அந்த அணியில் வெற்றிக்கு மிக அருகில் போனவர்களில் ஒருவர் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் (விசிக) தலைவர் தொல். திருமாவளவன். காட்டுமன்னார்கோவிலில் 87 வாக்குகளில் தோற்றார். அதே தொகுதியில் அவர் பெயரையே கொண்ட ஒரு சுயேச்சை வாங்கிய வாக்கு அந்த 87-ஐவிட அதிகம். சின்னம் மக்கள் மனதில் பதியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேரளத்தில் வடகரைத் தொகுதி இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கே.கே. ரமா, சிபிஎம்மிலிருந்து பிரிந்து தனிக் கட்சி கண்டு 2012-இல் கொல்லப்பட்ட டி.பி. சந்திரசேகரனின் மனைவி. 2016-இல் தங்கள் சிறிய மார்க்சியக் கட்சியின் சார்பில் தனியாக நின்று மூன்றாமிடம் பெற்றார். 2021-இல் அதே கட்சி, அதே தொகுதி, அதே வேட்பாளர். ஆனால் இம்முறை காங்கிரஸ் தலைமையிலான அணி வேட்பாளரை நிறுத்தாமல் அவரை ஆதரித்தது. 7,491 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆளும் மாறவில்லை, கொள்கையும் மாறவில்லை. ஆதரவு சேர்ந்தது, அவ்வளவுதான். எனவே கூட்டணி தேவையா என்ற கேள்வியை என்னளவில் முடித்துக்கொள்கிறேன்.

மிச்சம் இருப்பது இரண்டு வழிகள். பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பதற்கு ஆதரவான வாதம் வலுவானது, அதை மழுப்ப விரும்பவில்லை. உதயசூரியனையும் இரட்டை இலையையும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிறிய கட்சிக்கோ ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. விசிகவையே பாருங்கள்: மணி, நட்சத்திரம், மெழுகுவர்த்தி, மோதிரம், பானை என்று சின்னம் மாறிக்கொண்டே வந்தது. போன முறை மோதிரத்துக்குப் போட்ட பாட்டி இந்த முறையும் மோதிரத்தைத்தான் தேடுவார். அப்புறம், வாக்குப்பதிவு எந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில் வருவார்கள், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அதற்குக் கீழே, சுயேச்சைகள் கடைசியில். அங்கீகாரம் இல்லாத கட்சியின் பெயர் மேல்வரிசையில் இருக்காது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் நின்ற மதிமுகவின் துரை வைகோவுக்குக் கட்சியின் பழைய சின்னமான பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டி கிடைத்தபோது வாக்குப்பதிவுக்கு ஏறக்குறைய மூன்று வாரம்தான் இருந்தது.

எண்களும் அந்தப் பக்கம் சாய்கின்றன. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் விசிகவின் இரண்டு வேட்பாளர்களும் ஒரே கூட்டணியில் நின்றார்கள். விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்ற து. ரவிக்குமார் 1,28,068 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சிதம்பரத்தில் பானையில் நின்ற திருமாவளவன் நள்ளிரவு நெருங்கும்வரை இழுத்து 3,219 வாக்கில் வென்றார். இரண்டு தொகுதிகளின் சாதிக் கணக்கும் எதிரணி வேலை செய்த விதமும் வேறு என்பது உண்மை. ஆனாலும் சின்னத்துக்கு இதில் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் சொந்தச் சின்னம் என்கிறேன்? வெற்றி பெற்ற மறுநாளிலிருந்து அந்த இடம் யாருடையது என்ற ஒரே கேள்விக்காகத்தான்.

பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பது என்றால் வெறும் படத்தை வாங்கிக்கொள்வது இல்லை. அந்தக் கட்சியின் பொறுப்பாளர் கையெழுத்திட்ட ஏ, பி படிவங்களை வேட்புமனுவோடு கொடுக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் நீங்கள் அந்தக் கட்சி நிறுத்திய வேட்பாளர். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அரசமைப்பின் பத்தாவது அட்டவணை, இதைத்தான் பார்க்கும். எந்தக் கட்சி உங்களை நிறுத்தியதோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே நீங்கள் கருதப்படுவீர்கள். அதன் கொறடா (சபையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவிடும் கட்சிப் பொறுப்பாளர்) சொல்வதற்கு மாறாக வாக்களித்து, அதைக் கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். மேடையில் உங்கள் கொடி பறக்கும், துண்டின் நிறம் உங்களுடையதாக இருக்கும், சபைப் பதிவேட்டில் மட்டும் நீங்கள் இன்னொரு கட்சிக்காரர்.

2021-இல் திமுகவின் பலம் 133 என்று எல்லோரும் எழுதினார்கள். அதில் 125 பேர்தான் திமுகவினர். மீதி எட்டுப் பேர் மதிமுக, மனிதநேய மக்கள் கட்சி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள். மதிமுக மட்டும் நான்கு இடங்களில் வென்றது. முப்பது வருடம் நெருங்கிய ஒரு கட்சி, நான்கு எம்.எல்.ஏக்கள், ஆனால் சபைக் கணக்கில் அந்தக் கட்சிக்கு எதிரே பூஜ்யம். தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரத்துக்கு வாக்கு சதவீதமும் இடங்களும் கணக்கிடப்படும்போது அந்த நான்கு வெற்றிகளும் திமுகவின் கணக்கில்தான் சேரும். அடுத்த தேர்தலுக்கு மீண்டும் சின்னம் கேட்டு நிற்க வேண்டும். இப்படி ஒவ்வொரு முறையும் கட்சி தேய்ந்துகொண்டே போகும்.

திருமாவளவனின் முதல் சட்டமன்ற அனுபவமே இதற்கு எடுத்துக்காட்டு. 2001-இல் கடலூர் மாவட்டத்து மங்களூர் தொகுதியில் உதயசூரியனில் வென்றார். திமுகவோடு முரண்பாடு வந்ததும் 2004-இல் பதவியிலிருந்து விலகினார். வேறு வழியும் கண்ணியமாக இருந்திருக்காது. ஒரு தொகுதி மக்கள் ஐந்து வருடத்துக்கு அனுப்பிய பிரதிநிதி, கூட்டணி முறிந்த ஒரே காரணத்தால் பாதியில் வெளியே வருகிறார் என்றால், இழப்பு அவருக்கு மட்டுமா? வேலியில்லாத பட்டா நிலத்துக்காகவும் சுடுகாட்டுப் பாதைக்காகவும் அவரிடம் மனு கொடுத்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

முற்போக்கு வேட்பாளர் என்று ஒருவரை நாம் தனியாக அனுப்புவதே, கூட்டணித் தலைமைக் கட்சி தடம் மாறும் நாளில் எழுந்து நிற்பதற்காக. அந்த நாள் வராது என்று நினைக்காதீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கொண்டுவந்தது நாம் வாக்குக் கேட்டு வெற்றி பெற வைத்த கூட்டணியின் அரசு. சிபிஎம், சிபிஐ, விசிக உறுப்பினர்கள் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் அரசு மசோதாவை நிறுத்திவைத்தது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேர வேலை என்பது உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை. அதைக் காக்க ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே எழுந்த குரல் எவ்வளவு முக்கியமானது என்று அந்த வாரம் பார்த்தோம்.

நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். உதயசூரியனில் வென்ற கூட்டணிக் கட்சிகளும் அந்த மசோதாவை எதிர்த்தன. குரல் வாக்கெடுப்பு என்பதால் கொறடா உத்தரவை மீறும் சிக்கல் எழவில்லை. பெரிய கட்சிகள் தங்கள் சின்னத்தில் வென்ற தோழமைக் கட்சியினரை உடனே தண்டித்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் தலை எண்ணும் வாக்கெடுப்பு ஒருநாள் வந்தால், சொந்தச் சின்னத்தில் வென்றவருக்குத் தன் கட்சியின் முடிவு மட்டும் போதும். மற்றவர் இன்னொருவரின் பெருந்தன்மையை நம்பித்தான் கையைத் தூக்க முடியும். உரிமை பேசுகிறவருக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்பதே என் கவலை.

சரி, சொந்தச் சின்னத்தில் ஜெயிக்க முடியுமா? 2021-இல் விசிக ஆறு தொகுதிகளிலும் பானையில்தான் நின்றது, நான்கில் வென்றது. அதில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத் தொகுதிகள். இது எனக்கு மிகப் பெரிய விஷயம். தலித் அரசியல் கட்சி என்றால் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித் தொகுதியோடு நிற்க வேண்டும் என்ற எழுதப்படாத சட்டத்தை எஸ்.எஸ். பாலாஜியும் ஆளூர் ஷா நவாஸும் உடைத்தார்கள், அதுவும் தங்கள் கட்சியின் பெயரிலேயே. திருப்போரூரில் வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. காட்டுமன்னார்கோவிலில் 87-இல் போன தொகுதியை சிந்தனைச்செல்வன் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் மீட்டார். இரண்டு தேர்தலுக்கும் இடையே வந்தது பெரிய கட்சியின் கூட்டணி. சின்னம் அப்போதும் பெரிய கட்சியினுடையது இல்லை. திருத்துறைப்பூண்டியில் சிபிஐயின் மாரிமுத்து, அப்போது கூரை வீட்டில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்துக்காரர், கதிர் அரிவாளில் நின்றே பெரிய வித்தியாசத்தில் வென்றார். இடதுசாரிகள் எந்தக் கூட்டணியிலும் சின்னத்தை விட்டுக்கொடுக்காததன் பலன் அது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சின்னம் வயல்காட்டில் பழகியிருக்கிறது.

சின்னத்தைப் பழக்கினால் அது பிறகு திருப்பிக் கொடுக்கும். 2024-இல் அதே விழுப்புரத்தில் அதே ரவிக்குமார் பானையில் நின்று 70,703 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2019-ஐவிடக் குறைவுதான், வெற்றிக்குத் தாராளம். சிதம்பரத்தில் திருமாவளவனின் 3,219 ஒரு லட்சத்தைத் தாண்டியது. இரண்டு எம்.பிக்கள் கிடைத்ததால் விசிக மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது, பானை அதற்கே உரியதானது. வருடத்துக்கு ஒரு சின்னம் என்று அலைந்த காலம் அதோடு முடிந்தது. 2019-இல் இரண்டு பேரும் வசதி பார்த்து உதயசூரியனுக்குப் போயிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்.

சுயேச்சையாக நின்று பெரிய கட்சியின் ஆதரவை வாங்குவது என்று நான்காவதாக ஒன்றைச் சிலர் சொல்கிறார்கள். குஜராத்தின் வட்காமில் தலித் உரிமைச் செயல்பாட்டாளர் ஜிக்னேஷ் மேவானி 2017-இல் அப்படித்தான் காங்கிரஸ் ஆதரவோடு வென்றார். வித்தியாசம் 19 ஆயிரத்துக்கு மேல். 2022-இல் காங்கிரஸின் கை சின்னத்தில் நின்றபோது அது ஐயாயிரத்துக்கும் கீழே போனது. இடையில் ஆம் ஆத்மி உள்ளே வந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த வழியில் ஒரு சிக்கல்: சுயேச்சையாக வென்றவர் பதவிக்காலத்தில் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். 2021-இல் மேவானி காங்கிரஸோடு கைகோர்த்தபோது முறைப்படி உறுப்பினராக முடியவில்லை. அமைப்பே இல்லாத தனிமனிதருக்கு இது பொருந்தலாம். ஒரு இயக்கத்தை வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் களத்தில் வேலை பார்த்ததெல்லாம் வட மாவட்டங்களில். கொங்குப் பகுதியிலும் தென்கோடியிலும் சிறிய கட்சியின் சின்னத்தை எப்படி வரவேற்பார்கள் என்பதை அங்கே வேலை செய்த தோழர்கள்தான் சொல்ல வேண்டும். நகரத் தொகுதிகளில் கைபேசி வழியாகச் சின்னத்தைக் கொண்டுபோவது எளிது என்று சொல்கிறார்கள். கிராமத்தில் நான் பார்த்தது, பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவதுதான் பலித்தது. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். படம் போட்ட துண்டறிக்கையைவிட அது நின்றது. அதற்குக் கடைசி மூன்று வாரத்துக்கும் பெண்கள் குழுவாக வர வேண்டும், தலைமைக் கட்சியின் கிளைச் செயலாளர் தன் தெருவில் நம் சின்னத்தைச் சுவரில் எழுத மனம் வைக்க வேண்டும். இரண்டாவது கிடைக்காத ஊர்களில் நாங்கள் மிகவும் சிரமப்பட்டோம்.

பெரிய கட்சியின் சின்னத்தை ஏற்பதில் எனக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. அமைப்பு இன்னும் கட்சியாகப் பதிவே பெறவில்லை, தொகுதியில் நூறு வாக்குச்சாவடிக்குக்கூட ஆள் இல்லை, எதிரே நிற்பவர் வென்றால் அந்த ஊரின் ஏழை மக்களுக்கு நேரடி ஆபத்து என்றால், சின்னத்துக்காகத் தொகுதியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அப்போதும் தொகுதிப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்பேன்: தொழிலாளர், நிலம், சாதி வன்கொடுமை தொடர்பான மசோதாக்களில் கொறடா உத்தரவு போடும் முன் எங்களோடு பேச வேண்டும், அடுத்த சட்டமன்றத் தேர்தலில் இதே தொகுதி எங்கள் சொந்தச் சின்னத்துக்கு. நீதிமன்றத்தில் செல்லுபடியாகாத காகிதம்தான் அது. ஆனாலும் ஊர்க்கூட்டத்தில் மக்கள் முன்னால் வாசித்துக் காட்டலாம், அடுத்த முறை பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது மேசையில் எடுத்து வைக்கலாம்.