கோல்கீப்பரை எதை வைத்து எடைபோடுவது: வாங்கிய கோலா, சேவ் சதவீதமா, கண்ணா?

குன்னூர், வெலிங்டன், ஊட்டி பக்கம் ஹாக்கி ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பரைப் பற்றி முதலில் காதில் விழுவது "இன்னைக்கு நாலு வாங்கிட்டான்" என்பதுதான். அந்த எண்ணை வைத்து ஒரு பையனை ஒதுக்குவது பெரிய அநியாயம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 5 அன்று வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் வாங்கியதும் நாலுதான். ஜெர்மனியை 5-4 என்று வென்றோம். கடைசி வினாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை (எதிரணியின் தவறுக்காக, கோல் கோட்டிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்து கோலுக்கு அடிக்கத் தரும் வாய்ப்பை) அவர் தடுத்ததால்தான் 41 ஆண்டுகளுக்குப் பிறகு பதக்கம் வந்தது. வாங்கிய கோல் கணக்கில் அந்தத் தடுப்புக்கு இடமே இல்லை.

சேவ் சதவீதம், அதாவது வந்த ஷாட்டில் நூற்றுக்கு எத்தனை தடுத்தார் என்ற கணக்கு, அதைவிட மேல். எத்தனை ஷாட் வந்தது என்றாவது பார்க்கிறது. ஐஸ் ஹாக்கியில் ஓர் ஆட்டத்தில் ஒரு கீப்பருக்குச் சுமார் 30 ஷாட் வரும், சீசன் முழுக்கச் சேர்த்தால் எண் ஓரளவு நிலைக்கும். நம் ஹாக்கியில் அவ்வளவு வராது. 5 ஷாட்டில் 4 தடுத்தால் 80 சதவீதம். இன்னொன்று நழுவினால் 60. இரண்டு மூன்று ஆட்டம் பார்த்து அணி எடுக்கும் இடத்தில் இதை எப்படி நம்புவது? அதுவும் மழை பெய்து மேடுபள்ளமாகிக் கிடக்கும் மண் மைதானத்தில், பனிமூட்டம் இறங்கும் நேரத்தில்?

இதைவிட மோசமான கோளாறு ஒன்று உண்டு. ஒரு கீப்பர் 5 ஷாட்டில் 4-ஐத் தடுத்து, பந்தை ஓரமாகத் தள்ளிவிடுகிறார். 80 சதவீதம். இன்னொருவரும் 4 தடுக்கிறார், ஆனால் மூன்று முறை பந்து அவர் காலில் கட்டிய பேடில் பட்டு எதிராளியின் ஸ்டிக்குக்கே போகிறது. திரும்ப அடித்ததையும் தடுத்துவிடுகிறார். இப்போது 8 ஷாட், 7 சேவ், 87.5 சதவீதம்! இருவரும் வாங்கியது ஒரே ஒரு கோல். ஆபத்தைத் தானே உண்டாக்கியவருக்குத்தான் மதிப்பெண் கூடுகிறது. "இடது பக்கம் ஆள் இருக்கு, பிடி" என்று கத்தி, ஷாட்டே வராமல் செய்பவருக்கோ எதுவும் கிடையாது.

ஆட்டம் சமனில் முடிந்தால் வெற்றியை முடிவு செய்யும் ஷூட்அவுட் தனிக் கணக்கு. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வந்து கோல் அடிக்க 8 வினாடி, ஓர் ஆட்டக்காரரும் கீப்பரும் மட்டும் நேருக்கு நேர். பெனால்டி கார்னரில் கோட்டின் மேல் அசையாமல் நிற்கத் தெரிந்தவர் இதிலும் தேறுவார் என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே எண்ணில் கலக்கக் கூடாது.

சரி, கண்ணையே நம்பலாமா? அதுவும் முழுசாக முடியாது. பாய்ந்து விழுந்து தடுத்தது மனதில் நிற்கும்; சரியான இடத்தில் நின்று சாதாரணமாகக் காலால் தட்டிவிட்டதை மறந்துவிடுவோம்.

என் தேர்வு, கண்ணால் பார்த்ததைக் கையோடு நோட்டில் எழுதுவது. ஷாட் டி-க்குள் (கோலுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள்) எங்கிருந்து வந்தது, கார்னரா ஓடும் ஆட்டமா, தடுத்த பந்து எங்கே போனது. இந்த மூன்றும் போதும். மாவட்ட அணிக்கு இரண்டு பேர் போட்டியிட்டால், சதவீதம் குறைவாக இருந்தாலும் பந்தை ஓரத்துக்குத் தள்ளும் பிள்ளையைத்தான் எடுப்பேன்.