கயிறு கேபிளிலா, லிம்பிலா: ஆரோ ரெஸ்ட் தேர்வு

என் வேட்டை வில் காம்பவுண்ட் வகை, அதாவது கப்பி வைத்தது. அதில் அம்பைத் தாங்கி நிற்கும் பாகமான ரெஸ்டை மாற்றியபோது மூன்று வகைகளைப் பார்த்தேன். அம்பைச் சுற்றிப் பிடிக்கும் நார் வளையம், கேபிளில் (நாணோடு சேர்ந்து கப்பிகளில் ஓடும் கயிறு) கயிறு கட்டும் டிராப் அவே, லிம்பில் (வில்லின் வளையும் கை) கயிறு கட்டும் டிராப் அவே. கடைசியில் வாங்கியது மூன்றாவது வகை.

நார் வளையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசையும் பாகமே இல்லை. வில்லை எப்படிச் சாய்த்தாலும் அம்பு விழாது. புதிதாகப் பழகுபவர் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு எய்தலிலும் அம்பின் சிறகு நாரை உரசிக்கொண்டுதான் போகிறது. சிறகு நெளியும், அடி நார் தேய்ந்தால் அம்பும் தாழும்.

டிராப் அவேயில், எய்ததும் அம்பைத் தாங்கும் சிறு கை, அதாவது தாங்கி, கீழே விழுந்து வழிவிடுவதால் இந்த உரசல் இல்லை. அப்புறம் எல்லாமே கயிற்றின் கதைதான்.

கேபிள் வகையில், நாணை இழுக்கும்போது கேபிள் இறங்கி, கயிறு தாங்கியைத் தூக்குகிறது. கேபிள் கொஞ்சம் நீண்டாலும் கணக்கு தப்பும். என் பழைய ரெஸ்ட் அப்படித்தான்: புது நாணும் கேபிளும் மாட்டிய சில வாரங்களில் தாங்கி முழுதாக எழவில்லை. பிராட்ஹெட் (வேட்டைக்கான கத்தி முனை) மாட்டிய அம்புகள் மட்டும் தனி வழியில் போயின. என் பிடியைக் குறை சொன்னேன், அம்பைக் குறை சொன்னேன், கயிற்றைப் பார்க்கத் தோன்றவில்லை. சிறகில் பவுடர் தூவி எய்து பார்த்தபோதுதான் உரசிய தடம் தெரிந்தது. கயிற்றைக் கேபிள் இழைகளுக்குள் செருகிக் கட்டியிருந்ததால், இடம் மாற்ற, வில்லை அழுத்தி நாணையும் கேபிளையும் தளர்த்தும் கருவியான பிரஸ் தேவைப்பட்டது.

லிம்ப் வகை நேர் எதிர். ஸ்பிரிங் எப்போதும் தாங்கியை மேலே தள்ளுகிறது. கயிறு அதைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. நாணை இழுத்தால் லிம்ப் வளையும், கயிறு தளரும், தாங்கி எழும். விட்டதும் லிம்ப் நிமிர்ந்து அதைக் கீழே இழுத்துவிடும். கேபிள் சற்று நீண்டாலும் பெரிதாகப் பாதிப்பில்லை. கயிற்றைச் சரிசெய்ய பிரஸ் வேண்டாம், கை போதும். காட்டில் கயிறு அறுந்தால் தாங்கி மேலேயே நின்றுவிடும். சிறகு உரசினாலும் அம்பு போகும். சாதாரண கேபிள் வகையில் அறுந்தால் தாங்கி எழவே எழாது. எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

குறையும் உண்டு. இழுக்கும்வரை தாங்கி படுத்தே கிடப்பதால் அம்பு வில்லின் உலோகத்தில் தட்டிச் சத்தம் போடும். அங்கே ஃபெல்ட் ஒட்டினேன். மேலே நிறுத்திப் பூட்டிவைக்கும் கேபிள் ரெஸ்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. வெளியே நீளும் கயிறு புதரில் சிக்கவும் செய்யும். கடும் உறைபனியில் ஸ்பிரிங் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் சோதித்ததில்லை. இப்போதைக்கு, கிளம்பும் முன் கயிற்றின் முடிச்சை மட்டும் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கிறேன்.